ரிங்கெல்ப்ளூம் கேட்ட கேள்விகள்



அந்நியப் படை ஒரு நகரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, கையில் ஆயுதம் இல்லாத மக்கள் அதை எப்படி எதிர்த்து நின்றார்கள்? இதை ஆராய வருகிறவருக்குச் சிக்கல் சான்றுகளில்தான் தொடங்குகிறது. ஆள வந்தவர்கள் தங்கள் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, எண் போட்டு, கோப்பில் அடுக்கி வைக்கிறார்கள். எதிர்ப்பவர்களோ எழுதியதை அன்றிரவே எரிக்கிறார்கள், பெயரை மாற்றிக்கொள்கிறார்கள், பல விஷயங்களை எழுதாமலேயே வாய்வழி அனுப்பிவிடுகிறார்கள். போர் ஓய்ந்தபின் ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேருவதில் பெரும்பகுதி ஒடுக்கியவர்களின் காகிதம். அதை மட்டும் வைத்து எழுதினால், ஒடுக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையாக மட்டுமே வரலாற்றுக்குள் வருவார்கள்.

இந்தச் சிக்கலைப் போர் முடியும்வரை தள்ளிப்போடாமல், பிடிபட்ட நகரத்துக்குள் உட்கார்ந்தே தீர்க்க முயன்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம். போலந்து நாட்டு யூதர், வரலாற்றாசிரியர். 1900இல் புச்சாச் என்ற சிற்றூரில் பிறந்தவர். அன்று அந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது, இன்று உக்ரைனில் இருக்கிறது. 1927இல் வார்சா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வார்சா நகரத்து யூதர்களின் இடைக்கால வரலாறு, 1527 வரை, என்பது ஆய்வுப்பொருள். பிழைப்புக்குப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தார், நிவாரண அமைப்புகளிலும் வேலை பார்த்தார். இடதுசாரி அரசியல் உள்ளவர்.

1939 ஆகஸ்டில் அவர் ஜெனீவாவில் ஒரு மாநாட்டில் இருந்தார். போர் வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நேரம். அங்கேயே தங்கியிருக்கலாம். பலர் தங்கினார்கள். அவர் சுற்றுவழியில் பயணம் செய்து வார்சாவுக்குத் திரும்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. 28ஆம் தேதி வார்சா சரணடைந்தது. கட்சித் தலைவர்களும் எழுத்தாளர்களும் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தபோது இவர் நகரத்தில் இருந்து நிவாரண வேலையைத் தொடர்ந்தார். அக்டோபரிலேயே குறிப்பெழுதத் தொடங்கிவிட்டார். பிடிபட்டால் தப்பிக்க வேண்டுமே என்று, வீட்டுக்குக் கடிதம் எழுதுவதுபோல அந்தக் குறிப்புகளை அமைத்தார்.

இந்த வேலைக்கு அவர் தயாராக வந்தவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் ஒரு மரபு இருந்தது. அவர்களுக்கென்று அரசு இல்லை, அரசாங்க ஆவணக்காப்பகம் இல்லை. எனவே சைமன் டூப்னோவ் என்ற வரலாற்றாசிரியர் 1891இலேயே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: ஊர்ப் பதிவேடு, கல்லறை வாசகம், பழைய கடிதம், பாட்டி சொன்ன கதை எல்லாவற்றையும் நீங்களே திரட்டுங்கள் என்று. 1925இல் வில்னா நகரில் தொடங்கிய யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் அந்த வேண்டுகோளை ஓர் இயக்கமாகவே நடத்தியது. தையல்காரரும் பள்ளி மாணவரும் அதற்குத் தகவல் திரட்டி அனுப்பினார்கள். ரிங்கெல்ப்ளூம் அந்த மரபில் வளர்ந்தவர். 1938 அக்டோபர் கடைசியில் ஜெர்மனி, தன் நாட்டில் வாழ்ந்த போலந்து யூதர்கள் ஏறத்தாழ 17,000 பேரை எல்லையில் கொண்டுவந்து தள்ளியது. அவர்களில் பல ஆயிரம் பேர் ஸ்பான்ஷின் என்ற எல்லை ஊரில் குதிரை லாயங்களில் அடைந்து கிடந்தார்கள். நிவாரணத்துக்குப் போன ரிங்கெல்ப்ளூம் அங்கே ரொட்டியும் வழங்கினார், வந்தவர்களின் வாக்குமூலங்களையும் எழுதி வாங்கினார். இந்த இரண்டும் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலை என்பது அவருக்கு அங்கேயே உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பின்னால் வார்சாவில் அவர் கட்டியதெல்லாம் அந்த அடித்தளத்தின்மேல்தான்.

1940 நவம்பர் 16ஆம் தேதி வார்சாவின் யூதப் பகுதி சுவர் வைத்து மூடப்பட்டது. கெட்டோ என்று உலகம் சொல்வது அந்தப் பகுதியைத்தான். நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், நகரப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லாத இடத்தில் அடைக்கப்பட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்களும் வந்து சேர, 1941 வசந்தத்தில் உள்ளே நான்கரை லட்சம் பேர் இருந்தார்கள். ஜெர்மானியர் அனுமதித்த பங்கீட்டு உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்கும் குறைவு. அதை மட்டும் உண்டு யாரும் பிழைத்திருக்க முடியாது. பிழைக்கக்கூடாது என்பதுதான் கணக்கு.

சுவர் மூடிய அதே மாதத்தில் ரிங்கெல்ப்ளூம் தன் நண்பர்களைக் கூட்டி ஒரு ரகசியக் குழு அமைத்தார். சனிக்கிழமைகளில் கூடியதால், யூதர்கள் ஓய்வுநாள் விருந்துக்குச் சொல்லும் பெயரையே மறைபெயராக வைத்துக்கொண்டார்கள்: ஓனெக் ஷாபெஸ். ஐம்பது அறுபது பேர். எழுத்தாளர், ஆசிரியர், பொருளாதார அறிஞர், ரப்பி எனப்படும் யூத சமயகுரு, பொதுவுடைமையர், கடை வைத்திருந்தவர். இட்ட வேலை ஒன்றுதான்: இங்கே நடப்பதை, நடக்கும்போதே, எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுதிவைப்பது.

எல்லாப் பக்கத்திலிருந்தும் என்று சொன்னேன். இந்த முறையைத்தான் நான் அவரிடம் பெரிதாக மதிக்கிறேன். ஒரே நிகழ்ச்சியை முதியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும், பக்தர் ஒருவரும் நாத்திகர் ஒருவரும் தனித்தனியே எழுதவேண்டும் என்று அவர் விரும்பினார். வினாப்பட்டியல் தயாரித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு முடிந்தபோது சிறுதொகையும் கொடுத்தார்கள், அது அவர்களுக்குச் சோறு. போலந்துக்காரர்கள் காட்டிக்கொடுத்ததை எழுதினால் அடைக்கலம் கொடுத்ததையும் எழுதவேண்டும். ஜெர்மன் சிப்பாய் ஒருவன் மனிதனாக நடந்துகொண்டிருந்தால் அதையும் விடக்கூடாது. நாலாபுறமும் பிணம் விழுந்துகொண்டிருக்கும் தெருவில் இருந்துகொண்டு ஒருவர் இப்படிச் சொல்கிறார்.

சேகரித்தவற்றின் வகையைப் பாருங்கள். ஜெர்மன் அறிவிப்புச் சுவரொட்டிகள், தலைமறைவுப் பத்திரிகைகள், பங்கீட்டு அட்டை, மிட்டாய்த் தாள், டிராம் சீட்டு, இசைக் கச்சேரி அழைப்பிதழ், உணவு விடுதியின் விலைப்பட்டி. கச்சேரி அழைப்பிதழும் பட்டினிச் சாவின் கணக்கும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. பிற்காலத்தில் யாரோ ஒருவர் இதில் ஒன்றை மட்டும் எடுத்து, கெட்டோவில் எல்லோரும் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றோ, எல்லோரும் நடைபிணமாகத் திரிந்தார்கள் என்றோ எழுதிவிட முடியாதபடி அவை சேர்ந்து கிடக்கின்றன.

ஆட்களில் சிலரைச் சொல்கிறேன். பெரெட்ஸ் ஓப்போச்சின்ஸ்கி பத்திரிகையாளர். கெட்டோவுக்குள் தபால்காரராக வேலை பார்த்தார். வீடு வீடாக, மாடி மாடியாக ஏறி இறங்கியவர் அவர். ஒரு முற்றத்தைச் சுற்றிய அடுக்கு வீட்டில் யார் கிழக்கே ஓடினார்கள், யார் தங்கினார்கள், யார் கதவைத் திறக்க மறுக்கிறார்கள் என்பதை அவர் எழுதிய கட்டுரைகளில் காணலாம். சுவரைத் தாண்டி நடந்த கடத்தலையும் எழுதினார். ஷிமோன் ஹூபர்பாண்ட் ரப்பி. தடைசெய்யப்பட்ட தொழுகைகள் எங்கெங்கே நடந்தன, எந்தெந்த ஜெபாலயங்கள் இடிக்கப்பட்டன என்று பதிந்தார். தொடக்கத்தில் அவர் சமய நூல்களின் ஓரத்தில், உரைக்குறிப்புப்போலத் தோன்றும்படி இவற்றையெல்லாம் எழுதிவந்தார். செசிலியா ஸ்லாபாக் பெண்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டார். கணவன் ஓடிவிட்ட அல்லது கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட வீட்டில், தையல் வேலை செய்தும் கடத்தல் செய்தும் பிச்சையெடுத்தும் குடும்பத்தைத் தாங்கிய பெண்களின் கதைகள் அவரால் நமக்குக் கிடைத்தன.

இனி நம் தலைப்புக்கு நேராக வருகிறேன். ஆயுதமற்ற எதிர்ப்பு என்று எதைச் சொல்வது?

வார்சாவில் வீடுகள் பெரும்பாலும் ஒரு முற்றத்தைச் சுற்றி எழுந்த அடுக்குமாடிகள். ஒரு முற்றத்தில் பல நூறு பேர். அந்த முற்றம்தோறும் குடியிருப்புக் குழுக்கள் தோன்றின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். வசதியுள்ளவரிடம் வசூல் செய்து இல்லாதவருக்குக் கொடுத்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார்கள், சீட்டாட்டம் நடத்திப் பணம் திரட்டினார்கள். ஜெர்மானியர் நியமித்த யூத மன்றத்துக்கு இவை கட்டுப்பட்டவை அல்ல. இவற்றையெல்லாம் இணைத்த சுயஉதவி அமைப்பில் ரிங்கெல்ப்ளூம் பொறுப்பாளர். ஆவணம் சேர்க்கும் வேலைக்கு இந்தப் பொறுப்பு நல்ல மறைப்பாகவும் அமைந்தது. யூத மன்றத்திடம் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆவணக் குழு இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளி தடைசெய்யப்பட்டிருந்தது. 1941 இலையுதிர்காலத்தில்தான் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை என்ன செய்தார்கள்? குழந்தைகளுக்கான கஞ்சித்தொட்டிகளில் பாடம் நடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், உள்ளே எழுத்தும் கணக்கும். உயர்வகுப்புகள் வீடுகளில் ரகசியமாக நடந்தன.

கடத்தல் இன்னொன்று. கெட்டோ உண்ட உணவில் பெரும்பகுதி கடத்தி வந்தது. பெரிய அளவில் வண்டியோடு கடத்திப் பணம் சேர்த்தவர்களும் உண்டு. சுவரில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து வெளியே போய், சட்டைக்குள் நாலு உருளைக்கிழங்கோடு திரும்பிய ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு. 1941 அக்டோபரில், அனுமதியின்றிக் கெட்டோவை விட்டு வெளியேறினால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் போனார்கள். உருளைக்கிழங்கு கொண்டுவந்த அந்தப் பிள்ளையை எதிர்ப்பாளர் பட்டியலில் சேர்ப்பதா என்று யாராவது தயங்கினால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். மக்களைப் பட்டினியால் கொல்வது அரசின் திட்டமாக இருந்த இடத்தில், ரொட்டி அந்தத் திட்டத்துக்கு எதிரானது.

ஆனால் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள ரிங்கெல்ப்ளூம் நம்மை விடுவதில்லை.

ரேச்சல் அவெர்பாக் என்ற எழுத்தாளரை எடுத்துக்கொள்வோம். போர் தொடங்கியபோது அவர் தன் ஊர்ப்பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஓடிவிடலாகாது என்று சொல்லி ரிங்கெல்ப்ளூம் அவரைத் தடுத்து, லெஷ்னோ தெருவில் ஒரு கஞ்சித்தொட்டியை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார். பிறகு அதைப் பற்றி எழுதும்படியும் கேட்டார். அவெர்பாக் எழுதினார். ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஓர் ஆளைப் பற்றி அதில் வருகிறது. உடற்கட்டுள்ளவர், கண்ணியமானவர். அவரையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவெர்பாக் கூடுதல் கஞ்சி ஊற்றிப் பார்க்கிறார். அந்த மனிதர் கண்ணெதிரே வீங்கி, ஒடுங்கி, இறந்துபோகிறார். நாள் முழுதும் அடுப்படியில் நின்று உழைத்த அந்தப் பெண்மணி வந்து சேர்ந்த முடிவு: நாங்கள் ஊற்றும் கஞ்சி உயிரைக் காக்கவில்லை, சாவைச் சற்று நீட்டுகிறது, அவ்வளவுதான்.

ரிங்கெல்ப்ளூமும் 1942 மே மாதக் குறிப்பில் இதையேதான் கேட்டுக்கொள்கிறார். இருப்பதை எல்லோருக்கும் கரண்டி கரண்டியாகப் பகிர்ந்து, கடைசியில் ஒருவரும் பிழைக்காமல் போவதா? சிலரைத் தேர்ந்தெடுத்து வயிறாரக் கொடுத்து அவர்களை மட்டும் காப்பாற்றுவதா? அப்படியானால் யாரை? விடை அவரிடம் இல்லை. நிவாரண அமைப்பின் பொறுப்பாளரே தன் அமைப்பின் தோல்வியைக் குறித்துவைக்கிறார். சுவர் மூடியதிலிருந்து 1942 கோடைவரை பசியிலும் நோயிலும் மட்டும் 80,000 பேருக்கு மேல் கெட்டோவுக்குள் இறந்தார்கள். குடியிருப்புக் குழுக்களின் சாதனையைப் பேசுகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். வசதியுள்ளவர்களில் பலர் கடைசிவரை கை திறந்து கொடுக்கவில்லை. அதையும் அவர் எழுதியிருக்கிறார்.

1942 தொடக்கத்தில் ஆவணக் குழுவின் வேலை தன்மை மாறுகிறது. மேற்குப் போலந்தில் ஹெல்ம்னோ என்ற கிராமத்தில், மூடிய வண்டிகளுக்குள் புகையைச் செலுத்தி யூதர்களைக் கொல்வது 1941 டிசம்பர் 8ஆம் தேதி தொடங்கியிருந்தது. அங்கே பிணங்களைப் புதைக்க வைக்கப்பட்டிருந்த ஓர் இளைஞர் ஜனவரியில் தப்பி வார்சா வந்து சேர்ந்தார். ஷ்லாமெக் என்று அவரை அழைத்தார்கள். ஆவணக் குழுவின் செயலாளர் ஹெர்ஷ் வாசரும் அவர் மனைவி ப்ளூமாவும் அவரை உட்காரவைத்து, நாள்வாரியாக, வண்டிவாரியாக வாக்குமூலம் வாங்கினார்கள். அது போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் கைக்குக் கொடுக்கப்பட்டது. ஷ்லாமெக்கைப் பாதுகாப்புக்காக சமோஷ்ச் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர் வாசருக்குக் கடிதம் எழுதி, பெல்ஷெட்ஸிலும் அதேபோன்ற கொலைக்களம் இருக்கிறது என்று எச்சரித்தார். சில நாட்களில் அவரையே அங்கே கொண்டுபோய்விட்டார்கள்.

யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்படுவதைப் பற்றிய செய்தி ஜூன் மாதம் லண்டன் வானொலியில் வந்தது. ஜூன் 26ஆம் தேதி ரிங்கெல்ப்ளூம் எழுதிய குறிப்பு மனநிறைவோடு இருக்கிறது. உலகுக்குச் சொல்லிவிட்டோம், ஒரு வரலாற்றுக் கடமையை முடித்துவிட்டோம் என்ற உணர்ச்சி. இனிமேல் உலகம் சும்மா இருக்காது என்று நம்பியிருக்கிறார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 22ஆம் தேதி வார்சா கெட்டோவிலிருந்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. மறுநாள் யூத மன்றத் தலைவர் ஆடம் செர்னியாகுவ் தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பர் 21க்குள் ஏறத்தாழ 2,65,000 பேர் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹூபர்பாண்ட் ஆகஸ்டில் போனார். ஓப்போச்சின்ஸ்கி 1943 ஜனவரிக்குப் பிறகு இல்லை.

அந்தக் கோடையில், ஆகஸ்ட் 3ஆம் தேதி, நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளிக் கட்டடத்தின் கீழே ஆவணங்களின் முதல் பகுதியைப் பத்துத் தகரப் பெட்டிகளில் புதைத்தார்கள். புதைத்தவர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைனும் அவருடைய முன்னாள் மாணவர்கள் இருவரும்: டேவிட் க்ராபர், 19 வயது, நாகும் க்ஷிவாச், 18 வயது. மூவரும் தங்கள் கடைசி விருப்பத்தை எழுதிப் பெட்டிக்குள் போட்டார்கள். லிக்டென்ஸ்டைன் தனக்குப் புகழோ நன்றியோ வேண்டாம் என்கிறார். தன் மனைவி, ஓவியர் கெலா செக்ஸ்டைனையும், இரண்டு வயது நிரம்பாத மகள் மார்கலித்தையும் நினைவில் வைத்திருக்கும்படி கேட்கிறார். கெலாவின் ஏறத்தாழ 300 ஓவியங்களும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. நாகும், தன் பெற்றோர் இருக்கும் வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே ஓடப்போவதாக எழுதி முடிக்கிறான். மாணவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக்காட்ட வேண்டிவரும்போது என்னால் முழுதாகப் படித்து முடிக்க முடிந்ததில்லை.

ஐந்தில் ஒரு பங்குகூட எஞ்சாத கெட்டோவில் ரிங்கெல்ப்ளூம் மறுபடி எழுத உட்காருகிறார். இப்போது அவர் கேட்கும் கேள்விகள் மிகக் கொடியவை. இத்தனை பேரைக் கொண்டுபோனபோது ஏன் யாரும் கை ஓங்கவில்லை? வீட்டுக்கு வீடு புகுந்து ஆட்களை இழுத்து வந்தவர்களில் யூதக் காவலர்களே இருந்தார்களே, அவர்கள் எப்படி அதைச் செய்தார்கள்? கஞ்சித்தொட்டி, ரகசியப் பள்ளி, முற்றத்துக் குழு என்று எதை நாம் எதிர்ப்பு என்று பெருமையாகச் சொல்கிறோமோ, அதையெல்லாம் கட்டிய மனிதரே, அது போதவில்லை என்று எழுதுகிறார்.

இந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் என் கருத்து உறுதிப்பட்டது. மக்களின் எதிர்ப்பை எழுதும் வரலாறு பாராட்டுரையாக மாறும் கணத்தில் அந்த மக்களை இழந்துவிடுகிறது. முற்றத்துக் குழு எத்தனை பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது என்பதும், பக்கத்து வீட்டுப் பணக்காரர் எப்படிக் கதவைச் சாத்தினார் என்பதும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான், பால் கொடுத்தவள் எவ்வளவு பெரிய காரியம் செய்தாள் என்று நமக்குப் புரியும். எல்லோரும் வீரர்கள் என்று எழுதிவிட்டால் அவளும் கூட்டத்தில் ஒருத்தியாகிவிடுகிறாள்.

1943 பிப்ரவரியில் ஆவணங்களின் இரண்டாம் பகுதி அதே பள்ளியின் கீழே இரண்டு பால் கேன்களில் புதைக்கப்பட்டது. ஏப்ரல் 19இல் கெட்டோ ஆயுதம் எடுத்தது. வெளியே மறைவிடத்துக்குப் போயிருந்த ரிங்கெல்ப்ளூம் அந்த நாட்களில் உள்ளே வந்து அகப்பட்டு, த்ராவ்னிக்கி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். தியோடர் பாயெவ்ஸ்கி என்ற போலந்து ரயில்வே ஊழியரும் எமிலியா கொஸ்ஸோவர் என்ற யூதப் பெண்ணும் அவரை அங்கிருந்து மீட்டு வந்தார்கள். க்ரூயெட்ஸ்கா தெரு 81ஆம் எண்ணில், வோல்ஸ்கி குடும்பத்தாரின் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலுக்கு அடியில் வெட்டிய பதுங்கறையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒளிந்திருந்தார்கள். ரிங்கெல்ப்ளூமும் மனைவி யெஹுதித்தும் மகன் ஊரியும் அவர்களில் இருந்தார்கள்.

அந்தப் பதுங்கறையில், நூலகம் இல்லாமல், கையில் பழைய குறிப்புகள் இல்லாமல், போர்க்காலத்தில் போலந்துக்காரர்களுக்கும் யூதர்களுக்கும் இருந்த உறவைப் பற்றி ஒரு முழு ஆய்வை அவர் போலிஷ் மொழியில் எழுதினார். ஒளிந்திருக்கும் யூதர்களைக் கண்டுபிடித்துப் பணம் பறித்து, பிறகு காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றி ஈவிரக்கமின்றி எழுதுகிறார். போலந்து மக்களில் பெரும்பகுதியினர் காட்டிய அலட்சியத்தைக் குற்றமாகவே சொல்கிறார். அதே நூலில், தன் தலைக்கு மேலே தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி முப்பது உயிர்களைக் காத்துக்கொண்டிருந்த தோட்டக்காரரைப் பற்றி நன்றியோடு எழுதுகிறார். இரண்டையும் எழுத அவருக்கு நடுநிலை என்ற போர்வை தேவைப்படவில்லை. கோபமும் நன்றியும் தெளிவாகத் தெரிகின்றன, சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது.

1944 மார்ச் 1ஆம் தேதி அவரும் வெளியே தலைமறைவாக இயங்கிய அடால்ஃப் பெர்மனும் அமெரிக்காவில் இருந்த நண்பர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார்கள். ரகசியப் பள்ளிகள், நூலகங்கள், கஞ்சித்தொட்டிகள், நாடகங்கள் என்று கெட்டோவில் நடந்த பண்பாட்டு வேலைகளின் கணக்கு அது. மார்ச் 7ஆம் தேதி பதுங்கறை கண்டுபிடிக்கப்பட்டது. சில நாட்களில் ரிங்கெல்ப்ளூமும் மனைவியும் மகனும் மற்றவர்களும், அடைக்கலம் கொடுத்த மியெச்சிஸ்வாஃப் வோல்ஸ்கியும் அவர் உறவுப் பையனும் கொல்லப்பட்டார்கள். பதுங்கறையில் எழுதிய கையெழுத்துப் படிகள் முன்பே பெர்மனிடம் போய்ச் சேர்ந்திருந்ததால் பிழைத்தன.

போர் முடிந்தபோது ஆவணக் குழுவில் மிஞ்சியவர்கள் ஹெர்ஷ் வாசர், ப்ளூமா வாசர், ரேச்சல் அவெர்பாக். கெட்டோ இருந்த இடம் முழுதும் செங்கல் மேடு. தெருவே இல்லை, எண்ணைத் தேடுவது எப்படி? பெட்டிகளைத் தோண்டி எடுக்கவேண்டும் என்று அவெர்பாக் கூட்டங்களில் விடாமல் வற்புறுத்தினார். சிலருக்கு அது வீண்வேலையாகத் தோன்றியது. பிழைத்தவர்களுக்குச் சோறு தேட வேண்டிய நேரத்தில் காகிதம் எதற்கு என்ற எண்ணம். வாசர் இடத்தைக் காட்ட, 1946 செப்டம்பர் 18ஆம் தேதி இடிபாட்டுக்குள் சுரங்கம் வெட்டி பத்துப் பெட்டிகளையும் எடுத்தார்கள். தகரப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்து காகிதங்கள் ஊறிப் பூசணம் பிடித்திருந்தன. தாள் தாளாகப் பிரித்து உலர்த்தினார்கள். பால் கேன்கள் 1950 டிசம்பர் 1ஆம் தேதி கட்டட வேலையின்போது கிடைத்தன, அவற்றில் சேதம் குறைவு. மூன்றாம் பகுதி ஒன்று ஷ்வியென்தோயெர்ஸ்கா தெருவில் புதைக்கப்பட்டிருந்தது. அது அகப்படவில்லை. கிடைத்த ஆவணங்கள் ஏறத்தாழ 6,000, பக்கக் கணக்கில் 35,000. அவை இன்று வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. அந்தக் கட்டடமே போர்க்காலத்தில் சுயஉதவி அமைப்பு இயங்கிய, ஆவணக் குழு கூடிய கட்டடம். 1999இல் யுனெஸ்கோ இந்தத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. போலிஷ் மொழியில் முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது.

வார்சாவுக்குப் போகிறவர்கள் கெட்டோ நினைவுச் சின்னத்தைப் பார்ப்பார்கள். 1948 ஏப்ரல் 19இல் திறந்தது, சிற்பி நேத்தன் ராப்பபோர்ட். முன்பக்கத்தில் ஆயுதம் ஏந்திய போராளிகள் வெண்கலத்தில் நிற்கிறார்கள். பின்பக்கத்தில், தலைகுனிந்து முகாமுக்கு நடக்கும் கூட்டம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. போராடியவர்களுக்கு ஒரு பக்கம், கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டு ஆண்டுகள் கஞ்சி காய்ச்சியவர்களும் பாடம் நடத்தியவர்களும் உருளைக்கிழங்கு கொண்டுவந்த பிள்ளைகளும் எங்கே நிற்பார்கள்? போர் முடிந்த காலத்து மனநிலை எனக்குப் புரிகிறது, அன்றைக்கு வெண்கலப் போராளி தேவைப்பட்டார். ஆனால் நம் பாடநூல்களிலும் கருத்தரங்குகளிலும் இன்றும் அதே இரண்டு பக்கங்கள்தான். எதிர்ப்பு என்றால் குண்டு வைத்தவர் கதை, மற்றவர்கள் பலியானவர்கள்.

அவெர்பாக் இதற்கு எதிராக வாழ்நாள் முழுதும் வாதாடினார். 1950இல் இஸ்ரேலுக்குப் போய், யூத இனப்படுகொலையின் நினைவு நிறுவனமான யாத் வாஷெமில் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டும் துறையை 1954இல் உருவாக்கினார். 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கில் சாட்சி சொன்னார். கெட்டோவில் மக்கள் எப்படிப் படித்தார்கள், பாடினார்கள், எழுதினார்கள், ஒருவரையொருவர் தாங்கினார்கள் என்பதையெல்லாம் நீதிமன்றப் பதிவில் ஏற்றிவிட வேண்டும் என்று தயாராகிப் போனவர். நீதிமன்றத்துக்கு வேண்டியிருந்தது குற்றவாளியின் செயல். கொடுத்த நேரம் குறைவு. சொல்ல வந்ததில் சிறு பகுதியைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. அது அவருக்கு ஆறாத குறையாகவே இருந்தது. திரும்பிவந்து எழுத்து வேலையைத் தொடர்ந்தார். இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1974இல், டெல் அவீவில் அவருடைய நினைவுநூல் யிட்டிஷ் மொழியில் வெளிவந்தது. லெஷ்னோ தெருக் கஞ்சித்தொட்டியில் வேலை செய்தவர்களையும், அங்கே கிண்ணத்தோடு வரிசையில் நின்றவர்களையும் அவர் அதில் ஒவ்வொருவராக எழுதியிருக்கிறார்.